வாடிய செடிக்கெல்லாம் வெள்ளம் ஊற்றாதீர்கள்

போன மாதம் குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத பிள்ளைகள். கார் நிறுத்த விட்டிருந்த இடத்தில் ஹாலோ பிளாக் அடுக்கி நான்கு மேட்டுப்பாத்தி கட்டியிருந்தார்கள். நேர்த்தியான வேலை. நான் உள்ளே நுழையும்போது அந்தப் பையன் ஓஸின் வாயைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து மழைபோல விசிறிக்கொண்டிருந்தான். மண் கறுத்துப் பளபளத்தது.

"காலையில பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம். ஒரு நாள் விடமாட்டேன் அண்ணே" என்றான்.

குனிந்து விரலைக் குத்தினேன். முதல் கணு வரை ஈரம். அதற்குக் கீழே அடுப்புச் சாம்பல் மாதிரி உலர்ந்து கிடந்தது.

பதினோரு வருடத்துக்கு முன்னால் தக்கலையில் என் வீட்டுப் பின்புறத்தில் இதே கோலத்தில் நின்றவன்தான் நானும். அதனால் அவனைத் திட்ட வாய் வரவில்லை. பாத்திக்குத் தண்ணீர் ஊற்றுவதில் நாம் செய்கிற தவறுகளைத்தான் இங்கே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். மோட்டாரைப் போட்டுவிட்டு மறப்பது, ஊருக்குப் போகும்போது செடியைக் காயவிடுவது இதெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, விட்டுவிடுகிறேன். இன்னொன்று: எங்கள் பக்கத்தில் தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்வோம். இடையிடையே அந்தச் சொல் வந்தால் ஏதோ பிரளயம் என்று பயப்பட வேண்டாம்.

மேலே ஈரம், கீழே சாம்பல்

பாத்திக்கு நாம் நிரப்பும் கலவையில் பாதிக்குக் கிட்ட தேங்காய் நார்க்கழிவுதான். தென்னை நிறைந்த ஊர், அது சுலபமாகக் கிடைக்கிறது. ஈரம் இருக்கும்வரை நல்ல பிள்ளை, தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒருமுறை முழுசாகக் காய்ந்துவிட்டால் பிடிவாதம் வந்துவிடும். ஊற்றுவது உள்ளே இறங்காது. காய்ந்த மண் சுருங்கிக் கல்லைவிட்டு விலகி நிற்கும் அல்லவா, அந்த இடுக்கில் வழிந்து அடியில் போய்விடும். கீழே கசிவதைப் பார்த்து "நிறைஞ்சாச்சு" என்று ஓஸைச் சுருட்டிவிடுவோம்.

அந்தப் பையன் ஊற்றியது கொஞ்சநஞ்சம் இல்லை. பாதிக்கு மேல் ரோட்டு ஓடைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

இப்படிக் காய்ந்த பாத்திக்கு மூன்று தவணையாக ஊற்ற வேண்டும். முதலில் ஒரு பூவாளி, மேல்மண் நனைய மட்டும். கால் மணி நேரம் வேறு வேலை பாருங்கள். அப்புறம் இரண்டாவது. மூன்றாவது தவணையில்தான் மண் உண்மையாகக் குடிக்கத் தொடங்கும். முடிந்ததும் ஒரு மூலையில் களைக்கொத்தால் அரை அடி நோண்டிப் பாருங்கள். பாத்தி அசிங்கமாகும் என்று யோசிக்க வேண்டாம், மண்ணைத் தள்ளி மூடினால் ஆயிற்று.

தினமும் நுனிநாக்கு நனைகிற மாதிரி தெளித்தால் வேர் ஏன் கீழே இறங்கப்போகிறது? மேல் இரண்டு அங்குலத்திலேயே படர்ந்து கிடக்கும். ஒரே ஒரு நாள் மின்சாரம் போனால் மொத்தப் பாத்தியும் துவளும். விதை போட்ட பாத்தி, நட்டு பத்து நாள் ஆகாத நாற்று, இவற்றுக்கு மட்டும் தினமும் லேசாகத் தெளிப்பது சரி.

எத்தனை வாளி?

ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் என்றால் 1 லிட்டர். 4 அடிக்கு 8 அடி பாத்தி ஏறக்குறைய 3 சதுர மீட்டர். செடி வளர்ந்து மூடிய பாத்தி நல்ல கோடையில் நாளைக்கு 5 மில்லிமீட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொண்டால் 15 லிட்டர். ஒன்றுவிட்டு ஒரு நாள் ஊற்றினால் 30 லிட்டர், அதாவது 10 லிட்டர் பூவாளியில் மூன்று. ஓஸ் வைத்திருப்பவர்கள் ஒரு வாளியை வைத்து எத்தனை நொடியில் நிறைகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். என் வீட்டில் டேங்க் நிறைந்திருந்தால் 40 நொடி. "பத்து நிமிஷம்" என்பது அளவு இல்லை.

வாடியதைக் கண்டதும் ஊற்றுவது

இதைப் பற்றிப் பேசும்போது இப்போதும் எனக்குக் கோபம் வரும். பாதி என் மேலேயே.

இரண்டு பாத்தி தக்காளி, 36 செடி. பூ உதிர்ந்து பச்சைக்காய் கோலி அளவுக்குப் பருத்திருந்தது. ஒரு நாள் நண்பகலில் நடுவில் இருந்த ஒரு செடி மட்டும் தலையைத் தொங்கப்போட்டது. இலை பழுக்கவில்லை, புள்ளி இல்லை, பச்சையாகவே துவண்டிருந்தது. நான் என்ன செய்வேன்? ஒரு வாளி ஊற்றினேன். சாயங்காலம் பார்த்தால் நிமிர்ந்து நிற்கிறது. என் வைத்தியம் பலித்துவிட்டது என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

மறுநாள் அதோடு பக்கத்துச் செடியும். இரண்டு வாளி. அம்மா சமையலறை ஜன்னல் வழியாகச் சொன்னாள்: "மண்ணைத் தொட்டுப் பாத்தியா? ஈரம் கெடக்கும்போ ஊத்தாண்டாம் மக்கா." நான் கேட்கவில்லை. நாற்று வாங்கின இடத்தில் போய்க் கேட்டேன். அவர் செடியைப் பார்க்கவும் இல்லை, ஒரு கேள்வி கேட்கவும் இல்லை. "தண்ணி போதல, கூட்டி விடுங்க" என்றார். கூட்டிவிட்டேன்.

ஒரு வாரத்தில் ஒன்பது செடி. காலையிலும் எழுந்திருக்கவில்லை. மூன்று வாரத்தில் தக்காளி என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. என் பின்புறம் கொஞ்சம் சரிவு. மேல் பாத்தியில் மிஞ்சி வழிந்தது எல்லாம் கீழ் பாத்திக்குத்தான் போகும், அங்கே கத்தரியும் மிளகாயும் நின்றன. அவையும் ஒவ்வொன்றாகச் சரிந்தன.

எங்கள் தெருவில் வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார். வந்து பார்த்தவர் மருந்து எதுவும் சொல்லவில்லை. ஒரு கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரும் ஒரு பிளேடும் கேட்டார். வாடிய தக்காளியின் அடித்தண்டில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, வெட்டுவாய் தண்ணீரில் தொடுகிற மாதிரி அசைக்காமல் பிடித்தார். நானும் அம்மாவும் இரண்டு பக்கமும் குனிந்து பார்த்தோம். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் வெட்டிய இடத்திலிருந்து மெல்லிய வெள்ளை நூல் ஒன்று இறங்கியது, ஊதுபத்திப் புகை தலைகீழாக வருகிற மாதிரி. பிறகு இன்னொன்று. டம்ளரின் அடி பால் கலந்ததுபோல மங்கியது.

பாக்டீரியா வாடல். ரால்ஸ்டோனியா என்கிற கிருமி. மண்ணில் இருந்து வேர் வழியாக ஏறித் தண்டுக்குள் நீர் போகிற குழாய்களை அடைத்துவிடும். செடி தாகத்தில்தான் சாகிறது, ஆனால் ஊற்றுவது மேலே ஏற வழி இல்லை. வெப்பமும் ஈரமும் சேர்ந்த மண் அதற்கு மிகவும் பிடிக்கும். நம் மேற்குப் பகுதியின் புளிப்பான செம்மண் வேறு. நான் கூட்டிவிட்ட ஒவ்வொரு வாளியும் கிருமியைப் பக்கத்துச் செடிக்கும் கீழ்ப் பாத்திக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அது மண்ணில் வருடக்கணக்கில் இருக்கும். அந்த இரண்டு பாத்தியில் இன்றுவரை நான் தக்காளி நடவில்லை. வெண்டையும் பயறும் கீரையும்தான்.

இன்றும் போன் வருகிறது. "வாடுது அண்ணே, வெள்ளம் கூட்டி விட்டிருக்கேன்." விட்டிருக்கேன்! கேட்பதற்கு முன்பே.

வாடல் ஒரே மாதிரித் தெரியும், காரணம் வேறு வேறு. மண் காய்ந்து பாத்தி முழுக்கத் துவண்டால் தாகம், ஊற்றுங்கள். மண் ஈரமாக இருந்தும் நண்பகலில் எல்லாச் செடியும், முக்கியமாகப் பூசணியும் வெள்ளரியும், இலையைத் தொங்கவிட்டால் வெயில். வேர் உறிஞ்சுவதைவிட இலை விடுவது அதிகம், சாயங்காலம் தானாக நிமிரும், கை வைக்காதீர்கள். மண் சொதசொதவென்று இருந்து செடி சோர்ந்தால் வேருக்குக் காற்று இல்லை, ஊற்றுவதை நிறுத்தி வடிகால் பாருங்கள். ஈர மண்ணில் அங்கொன்றும் இங்கொன்றும் பச்சையாகவே துவண்டால் டம்ளரும் பிளேடும் எடுங்கள். நூல் இறங்கினால் செடியை வேரோடும் சுற்று மண்ணோடும் எடுத்து எரித்துவிடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். அந்த இடத்துக்குத் தண்ணீரை நிறுத்துங்கள். களைக்கொத்தைக் கழுவாமல் அடுத்த பாத்தியில் வைக்காதீர்கள்.

அடுத்த முறை நடுகிறவர்களுக்கு: கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகம் இந்த வாடலைத் தாங்கும் ரகங்கள் கொடுத்திருக்கிறது. தக்காளியில் சக்தி, அனகா. கத்தரியில் சூர்யா. மிளகாயில் உஜ்வலா. சுண்டைக்காய் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டின தக்காளி, கத்தரி நாற்றும் நன்றாகத் தாங்கும்.

ஈரம் பார்ப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. அரை அடி ஆழத்து மண்ணை ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். உருண்டையாக நின்றால் போதும். உதிர்ந்தால் ஊற்றுங்கள். விரலிடுக்கில் வடிந்தால் இரண்டு நாள் பாத்திப் பக்கமே போகாதீர்கள்.

சாரலை நம்புவது

ஆனி, ஆடியில் வானம் மூடியே இருக்கும், நாள் முழுக்கத் தூறும், "மழைதானே பெய்யுது" என்று பத்து நாள் விட்டுவிடுவோம். நேர்சுவர் உள்ள ஒரு டப்பாவை வெட்டவெளியில் வைத்துப் பாருங்கள். நாள் முழுக்கச் சாரல் அடித்தும் அடியில் இரண்டு மில்லிமீட்டர்கூட நிற்காத நாட்கள் உண்டு. சருகால் மூடாக்குப் போட்ட பாத்தி என்றால் அந்த இரண்டையும் சருகே குடித்துவிடும்.

அதே மாதங்களில் ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் கதை வேறு. கணவாய் வழியாக வருகிற காற்று முப்பந்தலில் காற்றாலையையே சுற்றுகிறது, உங்கள் பாத்தியின் ஈரத்தை விட்டுவைக்குமா? மேட்டுப்பாத்திக்கு மேல்முகம் மட்டும் இல்லை, நான்கு பக்கமும் காற்றுக்குத் திறந்தவை. காற்று வரும் பக்கத்து ஓரம் ஒரு சாண் அகலத்துக்கு முதலில் காயும். அந்த ஓரத்துக்குத் தனியாக ஊற்ற வேண்டும், பக்கச்சுவரில் ஓலை சாத்தினாலும் நல்லது. மேற்கே விளவங்கோட்டில் இருக்கும் அத்தை சொன்ன முறையை அப்படியே தோவாளையில் செய்யாதீர்கள். ஒரே மாவட்டம்தான், மண்ணும் மழையும் ஒன்று இல்லை.

அடியில் தார்ப்பாய் விரிப்பது

வேண்டாம். ஐப்பசியில் குளமாகும்.

டைமர்

மழை பெய்வது டைமருக்குத் தெரியாது. கொட்டுகிற மழையில் குடை பிடித்துக்கொண்டு போய்ச் சொட்டுநீரை அணைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் சிரித்ததை இன்னும் மறக்கவில்லை.

வெயிலில் கிடந்த ஓஸ்

முதல் வாளி கொதிநீர். அதைத் தென்னைமூட்டில் விடுங்கள்.

உப்புக் கிணறு

குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்க்காரர்களுக்கு மட்டும் இது. பங்குனி, சித்திரையில் கிணற்று வெள்ளம் நாக்கில் கரிக்கும் வீடுகள் உண்டு. கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் தண்ணீர் ஆவியாகப் போகும், உப்பு அங்கேயே தங்கும். மண் மேலும் ஹாலோ பிளாக்கின் உட்பக்கமும் வெள்ளையாகப் பொரிந்திருந்தால் அதுதான். முதலில் பீன்ஸின் இலை ஓரம் கருகும், கீரை பிறகுதான் காட்டும். வழக்கமான அளவைவிட இரண்டு மடங்காக, பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, அடியில் வடிந்து ஓடும்வரை ஊற்றி உப்பைக் கீழே தள்ள வேண்டும். வடிகிற வழி அடைத்திருந்தால் இதைச் செய்யாதீர்கள், உப்போடு வேரும் அழுகும். டேங்கில் மழைநீர் பிடித்து வைத்திருந்தால் இந்தக் கழுவலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் இலை நனைய ஊற்றுவது

இரவு முழுக்க இலை ஈரமாக இருந்தால் பூஞ்சை வரும், காலையில் ஊற்றுங்கள் என்றால், வேலை முடிந்து வீடு சேரவே ஆறரை ஆகிறது என்கிறார்கள். சரி, ஆறரைக்கே ஊற்றுங்கள். பூவாளியின் தலையைக் கழற்றிவிட்டு, செடியின் மூட்டில் மண்ணில் ஊற்றுங்கள்.