சிறு விமானத்தின் சுழலிக்கு அருகில் செல்வது எப்படி

மலேசியாவின் சுபாங் விமான நிலையத்தில் சிறு விமானம் ஏற உறவினரை அழைத்துச் செல்பவர், அசையாமல் நின்றிருக்கும் சுழலியையும் (புரொப்பெல்லர்) மின்சாரம் பாயும் கம்பியாகவே கருத வேண்டும். சாவி அணைந்த நிலையில் இருந்தாலும், எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் கருவியான மேக்னட்டோவை அணைக்கும் தரையிணைப்புக் கம்பி அறுந்திருந்தால், இதழைக் கையால் சற்றே திருப்பினாலும் எஞ்சின் பற்றிக்கொள்ளக்கூடும். மேக்னட்டோ பேட்டரியை நம்பியிராமல் தானே தீப்பொறியை உண்டாக்குவதுதான் காரணம். ஆகவே படம் எடுப்பதற்காக இதழில் சாயக் கூடாது. அப்போதுதான் தரையிறங்கிய, சூடு ஆறாத எஞ்சினிடம் இன்னும் கவனம் தேவை.

செஸ்னா 172 போன்ற விமானத்தின் சுழலி, எஞ்சின் மெதுவாக ஓடும்போதே நிமிடத்துக்குச் சுமார் 600 முறை சுற்றுவதால், இதழ்கள் கண்ணுக்கு ஏறக்குறைய மறைந்துவிடுகின்றன. பிற்பகல் மழையில் குடையைத் தாழ்த்திப் பிடித்தபடி ஒருவர் விமானத்தை நோக்கி ஓடுவதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறும், ஏனெனில் குடை மறைப்பது சரியாகச் சுழலியைத்தான். தொப்பி பறந்தால் அதைத் துரத்தாமல் விட்டுவிடுங்கள்.

எஞ்சின் நின்று, இதழ்கள் அசைவற்ற பிறகே விமானியின் அனுமதியுடன், இறக்கைக்குப் பின்புறமாக வந்து கதவை அடையுங்கள். இறங்கியபின்னும் வால்பக்கமாகவே விலகுங்கள். குழந்தையைக் கைப்பிடித்தே அழைத்துச் செல்லுங்கள். சிவப்பு எச்சரிக்கை விளக்கு மின்னினால், எஞ்சின் ஓடுகிறது அல்லது இதோ இயங்கப் போகிறது என்று பொருள்.