மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா: கார் ஓட்டக் கற்கும் முன் முடிவு செய்ய வேண்டியவை

கார் ஓட்டக் கற்பது என்று தீர்மானித்தவர்களிடம் பயிற்சிப் பள்ளிகள் முதலில் கேட்பது, கியரை நாமே மாற்றும் மேனுவலிலா, வண்டியே மாற்றிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக்கிலா, எந்த வண்டியில் கற்கப் போகிறீர்கள் என்பதைத்தான். ‘மேனுவல் கற்றுக்கொண்டால் எதையும் ஓட்டலாம்’ என்று சுற்றியிருப்பவர்கள் உடனே சொல்லிவிடுகிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் கற்பவர் யார், உரிமம் கைக்கு வந்த பிறகு அவர் எந்த வண்டியை வெளியே எடுக்கப் போகிறார் என்று கேட்காமலேயே சொல்லப்படுவதால் அது பாதிப் பதிலாகவே நின்றுவிடுகிறது. உரிமம் பெற்ற முதல் ஓராண்டில் உங்கள் கைக்கு எந்த வண்டி கிடைக்குமோ, அந்த வகையில் கற்பதே சரி என்பது என் உறுதியான கருத்து. பள்ளியில் கிடைப்பது சில மணி நேரப் பயிற்சிதான். ஓட்டுதல் உண்மையில் உடம்பில் ஊறுவது அதற்குப் பின் வரும் மாதங்களில். மேனுவலில் தேர்வு எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் ஆட்டோமேட்டிக்கை மட்டுமே ஓட்டி வருபவருக்கு, இரண்டு ஆண்டுகள் கழித்து மேனுவல் வண்டியை எடுக்கச் சொன்னால், உரிமம் இருந்தும் கால் தடுமாறத்தான் செய்யும்.

ஆனால் இந்த முடிவை எடுக்கும் முன் உங்கள் நாட்டின் உரிம விதியைப் பார்த்துவிட வேண்டும், ஏனெனில் இது இடத்துக்கு இடம் பெரிதும் மாறுகிறது. பிரிட்டனில் ஆட்டோமேட்டிக் காரில் தேர்வு எழுதித் தேறியவர் ஆட்டோமேட்டிக்கை மட்டுமே ஓட்டலாம். மேனுவலில் தேறியவர் இரண்டையும் ஓட்டலாம். சிங்கப்பூரில் 3, 3ஏ என்றும், மலேசியாவில் டி, டிஏ என்றும் உரிமத்தின் வகுப்பே இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் உரிம அட்டையில் 78 என்ற குறியீடு இருந்தால், அவர் ஆட்டோமேட்டிக்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று பொருள். ஜெர்மனியில் 2021 முதல் ஒரு நடுவழி இருக்கிறது: மேனுவலில் குறைந்தது பத்துப் பயிற்சி வகுப்புகளும் பள்ளியிலேயே ஒரு சிறு சோதனையும் முடித்தவர், இறுதித் தேர்வை ஆட்டோமேட்டிக்கில் எழுதினாலும் இரண்டுக்கும் உரிமம் பெறுகிறார். இந்தியாவிலோ, 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் மோட்டார் சைக்கிளை மட்டுமே கியர் உள்ளது, இல்லாதது என்று பிரிக்கிறது. காருக்கான இலகுரக வாகன உரிமத்தில் அந்தப் பிரிவு கிடையாது. ஆகவே அங்கே தடையாக நிற்பது சட்டம் அல்ல, பழக்கமின்மைதான். விதி உங்களைக் கட்டுப்படுத்தும் நாட்டில் இருந்து, எதிர்காலத்தில் எந்த வண்டி அமையும் என்பதும் தெரியாவிட்டால், மேனுவலைத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பு.

கற்பவரின் கவனம் எங்கே போகிறது

மேனுவலுக்கும் ஆட்டோமேட்டிக்குக்கும் உள்ள வேறுபாட்டைக் கால்களின் எண்ணிக்கையில் அளப்பதைவிட, கவனத்தில் அளப்பது நல்லது. பெட்ரோல் அல்லது டீசல் இன்ஜின் நின்றுவிடாமல் இருக்க, சும்மா நிற்கும்போதே நிமிடத்துக்குச் சுமார் 800 முறை சுழன்றாக வேண்டும். சக்கரமோ அந்த நேரத்தில் அசையாமல் நிற்கிறது. சுழலும் இன்ஜினையும் நிற்கும் சக்கரத்தையும் முறுக்காமல், முறிக்காமல் சேர்த்துவைக்கும் வேலையைத்தான் கிளட்ச் செய்கிறது. மேனுவலில் அந்தச் சேர்ப்பை ஓட்டுநரின் இடது கால் செய்ய வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் வண்டியே செய்துகொள்கிறது. புதிதாகக் கற்பவருக்கு இது சாதாரண வேறுபாடு அல்ல. முதல் சில வகுப்புகளில் மேனுவல் கற்பவரின் மனம் முழுவதும் இடது காலிலும் கியர் கம்பியிலும் இருக்கும். எதிரே வரும் சைக்கிளையோ, பக்கவாட்டுக் கண்ணாடியில் தெரியும் பேருந்தையோ அவர் பார்த்தும் பாராமல் இருப்பார். ஆட்டோமேட்டிக்கில் கற்பவருக்கு அதே கவனம் முதல் நாளிலிருந்தே சாலைக்குக் கிடைக்கிறது.

அதற்காக ஆட்டோமேட்டிக்கை ஓட்டுவது எளிது, ஆகவே அதைக் கற்பதற்குப் பயிற்சியே தேவையில்லை என்று எண்ணிவிடக் கூடாது. அதற்கென்று சில ஆபத்துகள் உண்டு. அவற்றைப் பின்னர் சொல்கிறேன்.

‘ஆட்டோமேட்டிக்’ எல்லாம் ஒன்றல்ல

பயிற்சிப் பள்ளியில் உள்ள ஆட்டோமேட்டிக்கும் உங்கள் வீட்டில் உள்ள ஆட்டோமேட்டிக்கும் வேறு வேறாக நடந்துகொள்ளக்கூடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. டார்க் கன்வெர்ட்டர் வகையில் இன்ஜினின் விசை எண்ணெய் வழியாகக் கடத்தப்படுவதால், பிரேக்கிலிருந்து காலை எடுத்தவுடன் வண்டி மெல்ல நகரத் தொடங்கும். கற்பவருக்கு மிகவும் இணக்கமானது இது. சிவிடி வகையில் பற்சக்கரங்களுக்குப் பதிலாக, விட்டம் மாறும் இரண்டு கப்பிகளும் ஒரு பெல்ட்டும் இருப்பதால் கியர் மாறுவதே தெரியாது. ஆனால் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் முதலில் சத்தம் ஏறி, அதன் பிறகே வேகம் ஏறுவதுபோல் தோன்றும். டிசிடி எனப்படும் இரட்டைக் கிளட்ச் வகையில் ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளட்சும் இரட்டைப்படைக் கியர்களுக்கு இன்னொன்றும் இருக்கும். மேட்டில் பிரேக்கைப் பிடிக்காமல் ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தியே வண்டியை நிறுத்திவைத்தால் அந்தக் கிளட்சுகள் சூடேறிவிடும்.

ஏஎம்டி வகையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உள்ளே இருப்பது மேனுவலின் அதே கிளட்சும் கியர் பெட்டியும்தான். மனிதக் காலுக்கும் கைக்கும் பதிலாகச் சிறு இயந்திரக் கருவிகள் அவற்றை இயக்குகின்றன. ஆகவே கியர் மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு தயக்கம் தெரியும். உடம்பு முன்னால் சென்று பின்னால் வருவதுபோல் இருக்கும். கியர் மாறும் தருணத்தில் ஆக்ஸிலரேட்டரைச் சற்றே தளர்த்திக் கொடுத்தால் இந்தக் குலுக்கல் குறையும். மேட்டில் தானாகப் பிடித்துக்கொள்ளும் வசதி இல்லாத ஏஎம்டி வண்டி, பிரேக்கை விட்டதும் பின்னால் உருளக்கூடும். டார்க் கன்வெர்ட்டர் காரில் கற்றுவிட்டு வீட்டு ஏஎம்டியை மேட்டில் முதன்முதலாக எடுப்பவர் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார். ஹேண்ட் பிரேக் போட்டுக் கிளப்பும் முறையை அவரும் கற்றிருப்பது அவசியம்.

மின்சாரக் காரில் மாற்றுவதற்குக் கியரே இல்லை. ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தியவுடன் மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடிப்பதால், பிரேக்கைத் தொடாமலேயே வேகம் குறைவது முதலில் விசித்திரமாக இருக்கும். வீட்டுக்கு மின்சாரக் கார்தான் வரப்போகிறது என்று முடிவாகிவிட்டவர் கிளட்சோடு போராடுவதில் பொருளில்லை.

முடிவெடுக்க ஒரு சோதனை

முழுப் பயிற்சிக்கும் பணம் கட்டுவதற்கு முன், இரண்டு வகையிலும் ஒவ்வொரு வகுப்பு எடுத்துப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். அந்த வகுப்புகளில் வண்டி எத்தனை முறை ஆஃப் ஆனது என்பதை வைத்து உங்களை எடைபோட வேண்டாம்; முதல் வகுப்பில் மேனுவல் எல்லோருக்கும் ஆஃப் ஆகும். வகுப்பு முடிந்ததும் வேறு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: பயிற்றுநர் சொல்லாமலேயே நான் எப்போதாவது கண்ணாடியைப் பார்த்தேனா, கடந்துவந்த சாலையில் என்னென்ன இருந்தன என்று சொல்ல முடியுமா? மேனுவல் வகுப்புக்குப் பிறகும் சிலவற்றையாவது சொல்ல முடிந்தால், கிளட்ச் உங்களுக்கு விரைவில் வசப்படும். ஒன்றுமே நினைவில் இல்லை என்றாலும் கவலைப்பட வேண்டியதில்லை, சற்று அதிக வகுப்புகள் தேவைப்படும் என்பது மட்டுமே அதன் பொருள். அந்த வகுப்புகளுக்கு நேரமில்லாதவர்களும், இடது காலிலோ முழங்காலிலோ நோவு உள்ளவர்களும், கியர் பயத்தாலேயே ஆண்டுக்கணக்கில் கற்பதைத் தள்ளிப்போட்டு வருபவர்களும் ஆட்டோமேட்டிக்கைத் தேர்ந்தெடுப்பதில் எந்தக் குறையும் இல்லை. பிறர் என்ன சொல்வார்கள் என்பதற்காக மேனுவலில் சேர்ந்து, நாலாவது வகுப்போடு நின்றுவிடுவதுதான் உண்மையான இழப்பு. கியர் உள்ள மோட்டார் சைக்கிளை ஏற்கெனவே ஓட்டுபவர் மட்டும் மேனுவலைத் தாராளமாக நம்பி எடுக்கலாம். கிளட்சை எங்கே தளர்த்த வேண்டும் என்ற உணர்வு அவருடைய கையில் இருக்கிறது, அது காலுக்கு இறங்கினால் போதும்.

மேனுவலைத் தேர்ந்தெடுத்தவருக்கு

கிளட்ச் பிடிக்கும் இடத்தைக் கால் அறிந்துகொள்வதே பாதி வேலை. ஆளில்லாத சமதளத்தில் பயிற்றுநரை அருகே வைத்துக்கொண்டு, முதல் கியரைப் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கி, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் கிளட்சை மட்டும் மிக மெதுவாக மேலே விடுங்கள். குதிகால் தரையில் ஊன்றியிருக்க, பாதத்தின் முன்பகுதி மட்டும் உயர வேண்டும். ஓரிடத்தில் இன்ஜினின் சத்தம் சற்றுத் தாழும், கியர் கம்பியில் ஒரு நடுக்கம் வரும், வண்டி நகர எத்தனிக்கும். அந்த இடத்தில் காலை அப்படியே நிறுத்துங்கள். வண்டி தானாக ஊரத் தொடங்கிய பிறகு, இரண்டு மூன்று நொடிகள் கழித்தே மீதியை விட வேண்டும். வண்டி ஆஃப் ஆவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த இரண்டு மூன்று நொடிகளைக் கொடுக்காமல் காலை எடுத்துவிடுவதுதான். ஆக்ஸிலரேட்டர் இல்லாமலேயே வண்டியைக் கிளப்பவும், கிளட்சை மீண்டும் மிதித்து நிறுத்தவும் முடிகிறவரை இதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். சாலைக்கு அவசரப்பட்டுக் கூட்டிச்செல்லும் பயிற்றுநரிடம், இந்தப் பயிற்சிக்கு அரை மணி நேரம் வேண்டும் என்று தயங்காமல் கேட்கலாம்.

கால் அந்த இடத்தை அறிந்த பிறகு மேடு பயமாக இருக்காது. ஹேண்ட் பிரேக் போட்ட நிலையில் ஆக்ஸிலரேட்டரைச் சற்று அழுத்தி, கிளட்சைப் பிடிக்கும் இடம்வரை விட்டு, வண்டியின் முன்பகுதி லேசாக எழும்புவது தெரிந்ததும் ஹேண்ட் பிரேக்கை இறக்கினால் வண்டி பின்னால் உருளாது. ஆனால் மேட்டு சிக்னலில் ஹாஃப் கிளட்சிலேயே, அதாவது கிளட்சைப் பாதி விட்ட நிலையிலேயே, வண்டியைப் பிடித்துவைக்கும் பழக்கம் வேண்டாம். கிளட்ச் பிளேட் தேய்ந்துபோவதற்கு அது குறுக்கு வழி. ஓடும்போது இடது காலைக் கிளட்சின் மேல் ஓய்வாக வைத்திருப்பதும் அப்படியே.

ஆட்டோமேட்டிக்கைத் தேர்ந்தெடுத்தவருக்கு

இங்கே ஆபத்து வேறு விதமானது. மேனுவலில் தடுமாறினால் பெரும்பாலும் வண்டி ஆஃப் ஆகி நின்றுவிடும். ஆட்டோமேட்டிக்கில் தடுமாறினால் வண்டி பாயக்கூடும். பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிடுவதுதான் அதற்குக் காரணம், பெரும்பாலும் வண்டியை நிறுத்தும் இடத்திலோ, பின்னோக்கி எடுக்கும்போதோ இது நேர்கிறது. ஆகவே இரண்டு பெடல்களுக்கும் வலது கால் மட்டுமே என்பதை முதல் நாளிலேயே விதியாக்கிக்கொள்ளுங்கள். குதிகால் பிரேக்கின் நேராகத் தரையில் இருக்க, பாதம் அங்கிருந்து ஆக்ஸிலரேட்டர் பக்கம் திரும்பி வர வேண்டும். நெரிசலில் ஊரும்போதும் நிறுத்தும்போதும் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல், பிரேக்கைத் தளர்த்தியும் அழுத்தியுமே வண்டியை நகர்த்திப் பழகுங்கள். மேனுவல் கற்பவருக்குக் கிளட்ச் பயிற்சி எப்படியோ, ஆட்டோமேட்டிக் கற்பவருக்கு இந்தப் பிரேக் பயிற்சி அப்படி. இதை யாரும் தனியாகச் சொல்லித்தருவதில்லை என்பது எனக்கு வருத்தம் தரும் செய்தி.

வண்டி முழுவதும் நின்ற பிறகே கியர் கம்பியைப் ‘பி’ (நிறுத்திவைக்க) அல்லது ‘ஆர்’ (பின்னோக்கிச் செல்ல) நிலைக்கு மாற்ற வேண்டும். சரிவில் நிறுத்தும்போது, பிரேக்கை மிதித்தபடி ‘என்’ (நியூட்ரல்) நிலைக்குக் கொண்டுவந்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கால் பிரேக்கை ஒரு கணம் தளர்த்தி வண்டியின் எடை ஹேண்ட் பிரேக்கில் அமர்ந்ததும் மீண்டும் பிரேக்கை மிதித்துப் பி நிலைக்கு மாற்றுங்கள். பி நிலையில் வண்டியைப் பிடித்திருப்பது கியர் பெட்டிக்குள் உள்ள ஒரு சிறு உலோகக் கொக்கி. வண்டியின் மொத்த எடையையும் அதன்மேல் ஏற்றக் கூடாது. நீண்ட இறக்கத்தில் ‘டி’ (முன்னோக்கி ஓட்டும்) நிலையிலேயே பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வந்தால் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். எல் நிலை இருந்தால் அதற்கோ, கையால் கியர் குறைக்கும் வசதி இருந்தால் அதன் வழியாகவோ தாழ்ந்த கியருக்கு மாறி, இன்ஜினைக் கொண்டே வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள். இறக்கத்தில் ‘என்’ நிலைக்கு மாற்றி உருளவிடுவது கூடவே கூடாது. முந்திச்செல்ல ஆக்ஸிலரேட்டரை ஆழமாக அழுத்தினால், கியர் கீழே இறங்கி வேகம் ஏறுவதற்கு ஒரு கணம் பிடிக்கும். அந்தத் தாமதத்தைக் கணக்கில் வைத்தே முந்துவதா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டும்.

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது

ஆட்டோமேட்டிக்கில் சில மாதங்கள் நன்றாக ஓட்டிய பிறகு மேனுவல் தேவைப்பட்டால், சாலையை அறிந்த கண்ணோடு வருவதால் கற்க வேண்டியது கிளட்சும் கியரும் மட்டுமே. விதி அனுமதிக்கும் இடத்தில் அதற்கெனச் சில வகுப்புகள் எடுத்துக்கொள்ளுங்கள். நிறுத்தும்போது கிளட்சை மிதிக்க மறப்பதுதான் இவர்களுக்கு முதலில் நேரும். வண்டி குலுங்கி நின்றுவிடும், பின்னால் வருபவர் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார் என்பதால் ஆரம்பப் பயிற்சி போக்குவரத்து இல்லாத இடத்தில் நடக்கட்டும்.

மேனுவலிலிருந்து ஆட்டோமேட்டிக்குக்கு வருபவர் தமக்குக் கற்க ஒன்றுமில்லை என்று நினைத்துவிடுகிறார். அவருடைய இடது கால் கிளட்சைத் தேடி அகலமான பிரேக் பெடலை முழு பலத்தோடு மிதித்துவிட்டால், வண்டி சாலை நடுவே சட்டென்று நின்றுவிடும். முதல் சில நாட்கள் வண்டியைக் கிளப்பும் முன்பே இடது காலை இருக்கைக்கு அருகே நன்றாகப் பின்னால் இழுத்து வைத்துக்கொண்டு, ஒரு காலி மைதானத்தில் பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் வலது காலால் மட்டும் மாறி மாறி இயக்கிப் பழகிய பிறகு சாலைக்கு வாருங்கள்.