ஐஎன்ஆர் ஏறாமல் படுத்திய கதை

இதயத்தில் மைட்ரல் வால்வை எடுத்து உலோக வால்வு வைத்து நான்காம் மாதம். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் எண்தான் ஐஎன்ஆர்; குறைந்தால் ரத்தம் சீக்கிரம் உறையும். அது 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கோ 1.7, அடுத்த வாரம் 1.6. வால்வில் ரத்தம் உறைந்துவிடுமோ என்று ராத்திரியெல்லாம் அதன் டிக் டிக் சத்தத்தையே கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

ரத்தம் உறையாமலிருக்கத் தந்த அசிட்ரோம் மாத்திரையை ஒருநாளும் விட்டதில்லை. லேப் தப்போ என்று வேறு லேபில் பார்த்தேன், அதே எண். மாத்திரையைப் புது அட்டையாக வாங்கியும் பயனில்லை. "கீரை சாப்பிடுறீங்களா?" என்றார் டாக்டர். இல்லவே இல்லை என்றேன். வீட்டில் கீரை வாங்குவதையே நிறுத்தியிருந்தார்கள்.

அப்புறம்தான் பிடிபட்டது. தினமும் காலையில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்துவிட்டு, தள்ளுவண்டியில் ஒரு டம்ளர் முருங்கைக்கீரை சூப். அடியில் தங்கும் பச்சை மண்டியைக்கூட விடாமல் கலக்கிக் குடித்திருக்கிறேன்! குடிப்பதால் அது கீரைக் கணக்கில் வரும் என்றே தோன்றவில்லை. கீரையின் வைட்டமின் கே இந்த மாத்திரைக்கு நேர் எதிரி.

சொன்னதும் டாக்டர் மாத்திரை அளவைக் கூட்டி எழுதிய சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். சூப் நின்றால் எண் எகிறவும் செய்யும் என்று ஐந்தாம் நாளே டெஸ்ட். கீரையை அடியோடு விட வேண்டாம், வாரம் இரண்டு நாள் ஒரே அளவு போதும் என்றார்.

இப்போது 2.8. சூப்காரரிடம் சுக்குமல்லி காபி.