யூரித்மிக்ஸ் பாணி பேஸ் ஓட்டத்தை எல்.எம்.எம்.எஸ். மென்பொருளில் அமைப்பது எப்படி?

யூரித்மிக்ஸ் என்ற பிரிட்டிஷ் பாப் இசை இரட்டையரின் முதல் தொகுப்பு 1981இல் வந்தபோது அதிகக் கவனம் பெறவில்லை. அதன்பின் ஆனி லெனாக்ஸும் டேவ் ஸ்டூவர்ட்டும் வங்கிக்கடனில் கருவிகள் வாங்கி, லண்டனின் சாக் ஃபார்ம் பகுதியில், படச்சட்டக் கடை ஒன்றுக்கு மேலிருந்த சிறு அறையில் 8 தட ஒலிப்பதிவுக் கருவியைக் கொண்டு தாங்களே பெரும்பகுதியைப் பதிவு செய்த ‘ஸ்வீட் ட்ரீம்ஸ்’ தொகுப்பு 1983 ஜனவரியில் வெளியாகி, பிரிட்டனில் 3ஆம் இடம்வரை ஏறியது. அந்தத் தலைப்புப் பாடலின் பேஸ் (தாழ்ந்த ஸ்தாயி ஒலி) போலத் தடித்து ஒலிக்கும் ஓட்டத்தை விலையுயர்ந்த சிந்தசைசர் (ஒலிகளை மின்னணு முறையில் உருவாக்கும் கருவி) இல்லாமலே அமைக்கலாம். மெல்லிய இரண்டு ஒலிகள் ஒன்றன் இடைவெளியை மற்றொன்று நிரப்பினால் போதும்.

கணினியில் இசையமைக்க உதவும் இலவச மென்பொருளான எல்.எம்.எம்.எஸ்.ஸே இதற்கு எனக்கு விருப்பமானது. ஆரம்பத்திலேயே கூடுதல் சிந்த்களைத் தேடிப் பதிவிறக்குவது பொழுதைத் தின்னும் வேலை. உள்ளேயே இருக்கும், ஒலியலை எழுப்பும் மூன்று ஆஸிலேட்டர்களைக் கொண்ட டிரிபிள் ஆஸிலேட்டர் தாராளமாகப் போதும்.

வேகத்தை நிமிடத்துக்கு 125 தட்டு என வைத்து, டிரிபிள் ஆஸிலேட்டர் தடங்கள் இரண்டைத் திறந்து, ஒவ்வொன்றிலும் ஒரு ஆஸிலேட்டரை மட்டும் விட்டு மற்ற இரண்டின் ஒலியளவைப் பூஜ்யமாக்குங்கள். முதல் தடத்துக்கு ரம்ப அலையும் இரண்டாவதற்குச் சதுர அலையும் தேர்ந்தெடுங்கள்.

அடுத்து வருவது என்வலப், அதாவது ஒலி எழுந்து அடங்கும் விதத்தை அமைக்கும் பகுதி. அட்டாக் (எழும் நேரம்), டிகே (தணியும் நேரம்), சஸ்டெய்ன் (தணிந்தபின் நிற்கும் அளவு) குமிழ்களை எவ்வளவு திருப்பினாலும் ஒலி சற்றும் மாறாமல் நீண்டுகொண்டே போனால், அதே சட்டகத்தில், என்வலப் எவ்வளவு செயல்பட வேண்டும் என்பதைக் குறிக்கும் ஏ.எம்.டி. (AMT) குமிழ் பூஜ்யத்தில் இருக்கிறது என்று பொருள். வால்யூம் என்வலப்பின் ஏ.எம்.டி.யை முழுவதும் ஏற்றிய பிறகே மற்றக் குமிழ்களுக்கு உயிர் வரும். அட்டாக்கைப் பூஜ்யத்தில் வைத்து, சஸ்டெய்னைத் தாழ்த்தி, டிகேயைக் காதால் கேட்டுச் சரிசெய்யுங்கள். இந்த வேகத்தில் எட்டாம் பங்கு (அரைத் தட்டு) ஸ்வரம் ஒன்றுக்குக் கிடைப்பது 240 மில்லிநொடிதான். அதற்குள் ஒலி அடங்காவிட்டால் ஓட்டம் குழம்பிவிடும். ஃபில்டரும் அப்படியே: அதற்குரிய விளக்கை இயக்கி, உயர்ந்த அதிர்வெண்களைத் தடுக்கும் லோ-பாஸ் வகையைத் தேர்ந்து, கட்-ஆஃப் (தடுப்பு தொடங்கும் அதிர்வெண்) என்வலப்பின் ஏ.எம்.டி.யையும் தனியே ஏற்ற வேண்டும்.

இப்போது ஸ்வரங்களைக் கட்டங்களில் இடும் பியானோ ரோல். சி மைனரை எடுத்துக்கொண்டு, முதல் தடத்தில் தாழ்ந்த சி ஸ்வரத்தை எட்டாம் பங்குகளாக இடுங்கள். நீளத்தை மட்டும் பதினாறாம் பங்காகக் குறைத்துவிடுங்கள். இரண்டாம் தடத்தில் ஓர் ஆக்டேவ் மேலே, அந்த இடைவெளிகளில் சிலவற்றில் மட்டும் சி, ஈ ஃபிளாட், ஜி ஆகியவற்றை வையுங்கள். பிறகு இதே அமைப்பை ஏ ஃபிளாட்டுக்கும் ஜிக்கும் நகர்த்திக்கொள்ளலாம். முடிவில் முதல் தடத்தை இடப்பக்கமும் இரண்டாவதை வலப்பக்கமும் தள்ளிவிடுங்கள்.

பேஸுக்கு இதற்கு மேல் தடங்களை அடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. கருவிகள் குறைவாக இருந்ததால் ஸ்டூவர்ட்டும் லெனாக்ஸும் பால் பாட்டில்களில் வெவ்வேறு அளவு தண்ணீர் ஊற்றித் தட்டி அப்பாடலில் சில ஸ்வரங்களைச் சேர்த்தார்கள். முழுப் பாடலுக்கும் எட்டுத் தடம் என்ற வரம்பை நீங்களும் விதித்துக்கொண்டு பாருங்கள்.

பிற்சேர்க்கை: கைப்பேசியின் ஒற்றை ஒலிபெருக்கியில் பேஸ் மெலிந்துவிடுகிறது என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். இரண்டு தடங்களிலும் ஒரே அலையை ஒரே ஆக்டேவில் சற்றே சுதி விலக்கி வைத்திருந்தால், அவை ஒன்றுசேரும்போது மாறி மாறி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மேலே சொன்னபடி அலைவடிவத்தையும் ஆக்டேவையும் வேறாக்கிவிட்டு, தாழ்ந்த தடத்தை இடப்பக்கக் கோடியிலிருந்து பாதியளவு நடுவை நோக்கிக் கொண்டுவந்தால் சிக்கல் தீரும்.