மலிவுப் பதிப்பில் தொலைந்துபோகும் நாவல்கள்: இ-ரீடரில் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்கா மகள் போன மாதம் புதிதாக ஓர் இ-ரீடர், அதாவது மின்னூல் படிக்கும் கருவி, வாங்கினாள். வாங்கிய மூன்றாம் நாளே போன். "சித்தி, நாற்பத்தேழு நாவல் இறக்கியாச்சு. பாதி இலவசம், மீதி அடிமாட்டு விலை. எதுவுமே யாரும் பேசாத புத்தகம்!" அடுத்த வாரம் வீட்டுக்கு வந்தபோது அந்தக் கருவியை வாங்கிப் பார்த்தேன். பதினொரு வருடம் முன்பு என்னிடம் இருந்த அதே குவியல். ஏதோ ஒரு பழைய ஓவியம், அதன் மேல் பெரிய எழுத்தில் தலைப்பு. எந்த அட்டையிலும் மொழிபெயர்த்தவர் பெயர் இல்லை. ஏழெட்டுப் புத்தகங்களுக்குத் தலைப்பே இல்லாமல் வெறும் எண்கள்.

மறந்துபோன நாவல்களைத் தேடிப் படிப்பதுதான் இந்தக் கருவியால் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம். அந்தத் தேடலில் நான் செய்த தவறுகளை அவள் வரிசை மாறாமல் செய்துகொண்டிருந்தாள். அவளிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். திருட்டுப் பிரதி வேண்டாம், படிக்க முடியாத அளவுக்குக் குவிக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கடையின் முகப்பிலேயே தேடுவது

கருவியில் மின்னூல் கடையைத் திறந்ததும் வரும் இலவசப் பட்டியல், எத்தனை பேர் இறக்கினார்கள் என்ற கணக்கில் ஓடுகிறது. மேலே இருப்பதை எல்லோரும் இறக்குவார்கள், அதனால் அது மேலேயே இருக்கும். அந்தப் பட்டியலில் கைவிடப்பட்ட நல்ல நாவல் ஒன்று தானாக ஏறி வரும் என்று காத்திருந்து பயனில்லை.

ஒரு புத்தகம் ஏன் திடீரென்று இலவசமாகிறது என்று தெரிந்துகொண்டால் பதற்றம் குறையும். அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலில் செலக்ட் என்றொரு திட்டம் இருக்கிறது. அதில் சேரும் எழுத்தாளர், 90 நாள் காலத்துக்கு அந்த மின்னூலை வேறெங்கும் விற்கமாட்டேன் என்று ஒப்புக்கொள்கிறார். பதிலுக்கு அந்த 90 நாளில் 5 நாள் வரை இலவசமாகத் தர அவருக்கு அனுமதி உண்டு. அதாவது இன்று தவறவிட்ட புத்தகம் இன்னொரு சுற்றில் திரும்ப வர வாய்ப்பு இருக்கிறது. "இன்றைக்கு மட்டும்" என்று எழுதியிருப்பதைப் பார்த்து அள்ளிப் போட வேண்டியதில்லை. சாம்பிளை, அதாவது கடை இலவசமாகத் தரும் முதல் சில பக்கங்களை, இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், அதுவே ஞாபகக் குறிப்பாகிவிடும்.

எங்கே தேடுவது? நான் மூன்று வழிகளில் தேடுகிறேன். ஒன்று, பரிசுகளின் நெடும்பட்டியல், அதாவது முதல் சுற்றில் தேர்வாகும் நூல்களின் பட்டியல். சர்வதேச புக்கர் பரிசு 2016 முதல் ஆண்டுதோறும் மொழிபெயர்ப்பு நூல் ஒன்றுக்குத் தரப்படுகிறது. பரிசுத் தொகையை எழுத்தாளரும் மொழிபெயர்ப்பாளரும் சமமாகப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் நெடும்பட்டியலில் பன்னிரண்டு பதின்மூன்று நூல்கள் வரும். வென்றதைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள். அடுத்த சுற்றான குறும்பட்டியலுக்குக்கூட வராமல் நின்றவற்றை அடுத்த வருடமே யாரும் பேசுவதில்லை. நான் தேடுவது அவற்றைத்தான். மூன்று நான்கு வருடம் பழைய பட்டியல் என்றால் இன்னும் நல்லது, அந்த நூல்கள் அடிக்கடி விலை இறங்கும்.

இரண்டாவது, மொழிபெயர்ப்பாளர் பெயரைக் கொண்டு தேடுவது. உங்களுக்குப் பிடித்த ஒரு நாவலை மொழிபெயர்த்தவர் வேறு என்னென்ன செய்திருக்கிறார் என்று பாருங்கள். அவர் பல மாதம் உட்கார்ந்து வேலை செய்யத் தேர்ந்தெடுத்த புத்தகம் அது. எனக்கு இதைவிட நம்பிக்கையான பரிந்துரை இதுவரை கிடைத்ததில்லை. மூன்றாவது, அந்த நாவலைப் போட்ட சிறு பதிப்பகத்தின் முழுப் பட்டியல். ஒரு மாலை நேரம் போதும், ஆறு மாதத்துக்கான வாசிப்பு கிடைக்கும்.

எந்தப் பதிப்பு என்று பார்க்காமல் எடுப்பது

நான் இத்தனையும் எழுதுவது இந்த ஒன்றுக்காகத்தான்.

கருவி வாங்கிய புதிதில், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய நாவல் ஒன்றைத் தேடினேன். அதிகம் பேசப்படாத எழுத்தாளர். கடையில் அதே தலைப்பில் பத்துப் பன்னிரண்டு பதிப்புகள் வந்தன. புத்தகம் ஒன்றுதானே, எதை எடுத்தால் என்ன என்று ஆகக் குறைந்த விலையில் இருந்ததை எடுத்தேன். மூன்று அத்தியாயம் தாண்டுவதற்குள் சோர்ந்துவிட்டேன். ஆட்கள் திடீரென்று வந்தார்கள், யாரென்று சொல்லாமலே பேசினார்கள். கதாநாயகியின் அப்பா சாவது ஒரே ஒரு வரியில் முடிந்துபோனது. இந்த ஆளை உலகம் மறந்ததில் தப்பே இல்லை என்று நினைத்து, கருவியிலிருந்து நீக்கிவிட்டேன். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அதே எழுத்தாளரைப் படிக்கலாமா என்று கேட்ட நண்பர் ஒருவரிடம், நேரம் வீண், விட்டுவிடுங்கள் என்றும் சொன்னேன்.

நான்கு வருடம் கழித்து, வேறொரு மொழிபெயர்ப்பாளரின் பெயரைத் தேடும்போது அதே நாவல் எதிரே வந்தது. சாம்பிளைத் திறந்தேன். என் பதிப்பில் ஒரே வரியில் செத்துப்போன அந்த அப்பா, இதில் பதினோரு பக்கம் படுக்கையில் கிடக்கிறார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து கடன்காரர்களுக்குக் கடிதம் எழுதுகிறாள். அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறாள், நடுநடுவே அவர் தூங்கிவிடுகிறார், அவர் விழிக்கும்வரை பேனாவைக் கையிலேயே பிடித்துக்கொண்டு காத்திருக்கிறாள். நாவலின் உயிரே அந்தப் பதினோரு பக்கம்தான். நான் படித்த பதிப்பில் அதை யாரோ வெட்டி எறிந்திருந்தார்கள், வெட்டியதாக ஒரு குறிப்புக்கூட இல்லாமல். அந்த நண்பர் அதன்பிறகு அந்த எழுத்தாளர் பக்கமே போகவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறுவதில்லை.

ஏன் இப்படி நடக்கிறது? மூல நூலின் பதிப்புரிமை முடிந்திருக்கும். ஆனால் மொழிபெயர்ப்புக்குத் தனிப் பதிப்புரிமை உண்டு. சமீபத்திய நல்ல மொழிபெயர்ப்பு இன்னும் உரிமைக்குள் இருக்கும். ஆகவே இலவசமாகவோ மிக மலிவாகவோ கிடைப்பது, பெரும்பாலும் நூறு வருடத்தை ஒட்டியோ அதற்கு மேலோ பழைய மொழிபெயர்ப்பாகத்தான் இருக்கும். அந்தக் காலத்து மொழிபெயர்ப்பாளர்களில் பலர் நீளம் அதிகம், வாசகருக்கு ஒவ்வாது, அரசியல் வேண்டாம் என்று தாராளமாக வெட்டினார்கள்.

இதற்குப் பேர்போன உதாரணம் பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்ன். அவருடைய கடலடிப் பயண நாவலை 1873ல் ஆங்கிலத்தில் கொண்டுவந்த லூயிஸ் மெர்சியர், ஏறத்தாழ கால்வாசி நாவலை வெட்டிவிட்டார். அறிவியல் பகுதிகள் போயின, மீதி இருந்த இடங்களிலும் பிழைகள். பல தலைமுறை ஆங்கில வாசகர்கள் அந்தப் பிரதியைப் படித்துத்தான் வெர்னைச் சிறுவர்களுக்கு எழுதியவர் என்று முடிவுகட்டினார்கள். உரிமை முடிந்த நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் குட்டன்பர்க் திட்டத்தில் இன்றும் மெர்சியரின் பிரதி இருக்கிறது. அதே தளத்தில், அதே இலவசத்தில், எஃப். பி. வால்டர் செய்த முழுமையான மொழிபெயர்ப்பும் இருக்கிறது. எது கையில் சிக்குகிறது என்பதைப் பொறுத்து நீங்கள் படிப்பது வேறு நாவல். அவ்வளவு பெயர்பெற்றவருக்கே இந்தக் கதி. யாரும் பேசாத எழுத்தாளருக்கு இரண்டாவது வாய்ப்பு எங்கிருந்து வரும்?

உரிமை முடிந்த பிரதியை யார் வேண்டுமானாலும் எடுத்து, புது அட்டை போட்டு விற்கலாம். சட்டப்படி அதில் தவறில்லை. ஆனால் அப்படி விற்பவர் பலர் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு பக்கம்கூடப் படிப்பதில்லை. நட்சத்திரங்களும் உதவாது. ஒரு பதிப்புக்கு எழுதிய மதிப்புரை அதே தலைப்பிலுள்ள வேறு பதிப்புகளின் கீழும் வந்து நிற்கும். "அற்புதமான மொழிபெயர்ப்பு" என்று யாரோ எழுதியிருப்பது நீங்கள் வாங்கப்போகும் பிரதியைப் பற்றியதாக இல்லாமல் போகலாம்.

சரி, எப்படிப் பார்ப்பது? சாம்பிளைத் திறந்ததும் கதைக்குப் போகாமல், கதைக்கு முன்னால் உள்ள பக்கங்களுக்குத் திருப்புங்கள். மொழிபெயர்ப்பாளர் பெயரும், மொழிபெயர்த்த வருடமும் இருக்கிறதா? மொழிபெயர்ப்பு நூலில் மொழிபெயர்த்தவர் பெயரே இல்லையென்றால் அங்கேயே மூடிவிடுங்கள், வேறு எதையும் பார்க்க வேண்டாம். பெயர் இருந்தால் பொருளடக்கத்தில் அத்தியாயங்களை எண்ணுங்கள், இன்னொரு பதிப்போடு ஒப்பிடுங்கள். பத்து அத்தியாயம் குறைந்தால் எங்கேயோ வெட்டு விழுந்திருக்கிறது. கடைசியாக, இரண்டு சாம்பிள்களின் முதல் பத்தியை அடுத்தடுத்துப் படியுங்கள். மொத்தம் பத்து நிமிட வேலை.

எழுத்துப் பிழைகளையும் அப்போதே பார்த்துவிடலாம். ஸ்கேன் செய்த பக்கத்தைக் கணினி எழுத்தாக மாற்றும்போது, ஆங்கிலத்தில் r-உம் n-உம் ஒட்டி m ஆகிவிடும். 1880ல் எழுதிய நாவலில் 'மாடர்ன்' (modern) வர வேண்டிய இடத்தில் 'மோடம்' (modem) வந்து நிற்கும். தமிழில் ர-வும் துணைக்காலும் இடம் மாறும், 'பரம்பரை' 'பாம்பரை' ஆகும். முதல் ஐந்து பக்கத்தில் இப்படி இரண்டு கண்டால் உள்ளே நூறு இருக்கும். குட்டன்பர்க் பிரதிகளில் பலவற்றை டிஸ்ட்ரிபியூட்டட் புரூஃப்ரீடர்ஸ் என்ற தன்னார்வலர் குழு 2000ம் ஆண்டிலிருந்து பக்கம் பக்கமாக மூலப் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்தி வருகிறது. ஸ்டாண்டர்ட் இபுக்ஸ் குழு அப்படிப்பட்ட பிரதிகளை மறுபடி சரிபார்த்து, இ-ரீடருக்கு ஏற்றபடி அழகாக வடிவமைத்து இலவசமாகவே தருகிறது. தமிழுக்கு மதுரைத் திட்டம் 1998லிருந்து இதே போன்ற உழைப்பைச் செய்துவருகிறது. இவர்களிடம் இலவசமாக இருப்பதைப் புது அட்டைக்காகக் காசு கொடுத்து வாங்காதீர்கள்.

அக்கா மகளை அன்று மாலையே உட்காரவைத்து, அவள் பாதியில் விட்டிருந்த ஒரு நாவலுக்கு இரண்டு சாம்பிள்களை இறக்கிக் கொடுத்தேன். முதல் பத்தியைப் படித்தாள், மற்றதைத் திறந்து படித்தாள், மறுபடி முதலாவதுக்குப் போனாள். "சித்தி, இதுல அவன் அம்மாவே இல்ல" என்றாள்.

இலவசம் என்றால் எல்லா நாட்டிலும் இலவசம் என்று நினைப்பது

குட்டன்பர்க் திட்டம் அமெரிக்கச் சட்டத்தைப் பின்பற்றுகிறது. அங்கே 1929ல் வெளியான புத்தகங்கள் 2025 ஜனவரி 1 அன்று உரிமையிலிருந்து விடுபட்டன. பல நாடுகளில் கணக்கு எழுத்தாளர் இறந்த வருடத்திலிருந்து தொடங்குகிறது, 50, 60, 70 வருடம் என்று மாறும். கனடாவில் 2022 கடைசி வரை 50ஆக இருந்தது, இப்போது 70. உங்கள் நாட்டின் கணக்கை ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நீளத்தைக் கவனிக்காதது

நாவல் என்று வாங்கினால் முப்பது பக்கச் சிறுகதை வந்து சேரும். பக்க எண்ணிக்கை விவரத்தில் இருக்கும், வாங்குமுன் பாருங்கள். இன்னொன்று, மலிவான தொடர் நாவல்களில் 85 சதவீதத்திலேயே கதை முடிந்துவிடும். மிச்சம் அடுத்த பாகத்தின் முன்னோட்டம். இன்னும் ஒரு திருப்பம் பாக்கி இருக்கிறது என்று நம்பிப் பக்கத்தைத் தள்ளினால், முடிந்துவிட்டது என்பது தெரிகிறது. நல்ல முடிவாக இருந்தாலும் அது மனதில் இறங்காது. பொருளடக்கத்தில் கடைசி அத்தியாயம் எது என்று முன்பே பார்த்துவிடுவது என் வழக்கம்.

முன்னுரையை முதலில் படிப்பது

வேண்டாம். முடிவு அதில்தான் இருக்கும்.

பிடிஎஃப்

ஆறு அங்குலத் திரையில் கூடவே கூடாது.

ஒரே கோப்பில் முழுத் தொகுப்பு

ஓர் எழுத்தாளரின் எல்லா நூல்களும் ஒரே கோப்பில் என்றால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு நாள் படித்த பிறகும் 1 சதவீதம் என்றே காட்டும். ஒரு சொல்லைத் தேடினால் இருபது நாவல்களிலிருந்தும் விடை வரும். சாம்பிளோ பொருளடக்கத்தோடு முடிந்துபோகும், ஒரு வரி கதைகூட அதில் இராது. அதைவிட மோசம், அதிகம் அறியப்படாத சிறுகதைகள் அந்தக் குவியலின் அடியில் போய்ப் புதைந்துவிடும். நாம் தேடி வந்ததே அவற்றைத்தான். தனித்தனியாக எடுங்கள்.

கோப்புக்குப் பெயர் வைக்காமல் விடுவது

காலிபர் என்ற மின்னூல் மேலாண்மை மென்பொருளில் தலைப்பு, ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர் மூன்றையும் நிரப்பிவிட்டு ஏற்றுங்கள்.

கருவியில் இருப்பதெல்லாம் நம்முடையது என்று நம்புவது

சந்தாவில் எடுத்தவை, சந்தா நின்றதும் போய்விடும். இது பலருக்கும் தெரியும். காசு கொடுத்து வாங்கியதும் போகக்கூடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 2009ல் அமேசான், ஏற்கெனவே வாங்கியவர்களின் கிண்டில்களிலிருந்து இரண்டு நாவல்களைத் தொலைவிலிருந்தே நீக்கியது. அவற்றை விற்றவருக்கு உரிமை இல்லை என்பது காரணம், பணம் திரும்பிவிட்டது. 2019ல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கிய புத்தகங்களும் மறைந்தன. அங்கேயும் பணத்தைத் திருப்பித் தந்தார்கள்.

பெரிய புத்தகம் காணாமல் போனால் வேறொரு கடையில் வாங்கிக்கொள்ளலாம். சிறிய பதிப்பகம் போட்ட, யாரும் பேசாத நாவல் விற்பனையிலிருந்து போய்விட்டால் அதைத் திரும்பப் பார்ப்பது கடினம். அதனால்தான் நகலெடுக்கத் தடை போடும் பூட்டு இல்லாத கோப்பாக விற்கும் பதிப்பகத்திடம் நேரடியாக வாங்க வழி இருந்தால் அங்கே வாங்குகிறேன், கொஞ்சம் விலை கூடினாலும். வாங்கிய அன்றே கணினியில் ஒரு பிரதி, வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி. அந்த அப்பா பதினோரு பக்கம் படுக்கையில் கிடக்கும் நாவலும் அப்படித்தான் இரண்டு இடத்தில் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் பெயரைக் கோப்பின் பெயரிலேயே சேர்த்திருக்கிறேன்.