கவுன்சலிங்குக்கு முன் உங்கள் யூடியூப் ஹிஸ்டரியைத் திறந்து பாருங்கள்

ப்ளஸ் டூ ரிசல்ட்டுக்கும் பொறியியல் கவுன்சலிங்குக்கும் நடுவே சில வாரங்கள் இருக்கின்றன. ஆனால் "எனக்கு ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ்தான் வேணும்" என்ற முடிவு பலருக்கு அதற்கு வெகு முன்பே, ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருந்த ஏதோ ஒரு இரவில் விழுந்திருக்கும். அந்த ஆசை தவறானது என்று சொல்லவில்லை. அது உங்களுடையதா, ஃபீட் கொடுத்ததா என்று பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். ஒரு நோட்டும் ஒரு மாலை நேரமும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

முதல் வேலை, கூகுள் கணக்கில் 'மை ஆக்டிவிட்டி'க்குள் போய் யூடியூப் ஹிஸ்டரியைத் திறப்பது. நீங்கள் தேடியவையும் பார்த்தவையும் நேர வரிசையில் இருக்கும். நினைத்திருக்கும் படிப்பின் பெயரை அங்கேயே தேடி, அது முதன்முதலில் வரும் நாளுக்குப் போங்கள். நீங்கள் தட்டச்சு செய்து தேடினீர்களா, அல்லது முதலில் ஒரு வீடியோ தானாக முன்னால் வந்து, அதன் பிறகு தேடினீர்களா? இதைக் குறித்துவைப்பதுதான் இந்தப் பயிற்சியிலேயே முக்கியமானது. ஒரு வீடியோவை முழுதாகப் பார்த்தால் அதே வகையில் இன்னும் பல வரும். பத்து பேர் ஒரே விஷயத்தைச் சொல்லும்போது ஊரே அப்படித்தான் நினைக்கிறது என்று தோன்றிவிடும்.

இரண்டு இடங்களில் கணக்கு தவறும். வீட்டில் ஒரே போனை அண்ணன், தங்கை, அப்பா எல்லோரும் பயன்படுத்தினால் ஹிஸ்டரி கலந்திருக்கும். நீங்கள் போனை வைத்திருக்கும் நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தானாக அழியும்படி 3 மாதம் என்று வைத்திருந்தால் பழையவை கிடைக்காது. இருப்பதை வைத்துப் பாருங்கள்.

இப்போது கடைசி 90 நாள் வீடியோக்களை மூன்று பத்திகளாகப் பிரியுங்கள். சம்பளம், கல்லூரி டூர், 'ஐடி ஊழியரின் ஒரு நாள்' போன்றவை முதல் பத்தி. வேலையையே செய்துகாட்டும் வீடியோக்கள், அதாவது கணினி நிரல் (code) எழுதுவது, சர்க்யூட் போடுவது, கணக்குப் பதிவது, இரண்டாவது. பார்த்த பிறகு நீங்களே கைவைத்துச் செய்தது மூன்றாவது. முதல் பத்தி நிரம்பி மூன்றாவது காலியாக இருந்தால், உங்களை ஈர்த்தது அந்த வேலையைச் சுற்றியிருக்கும் வாழ்க்கை. வேலையை நீங்கள் இன்னும் தொட்டுப் பார்க்கவில்லை.

தொட்டுப் பார்க்க 10 நாள், தினம் ஒரு மணி நேரம் போதும். கணினிப் படிப்பு என்றால் லேப்டாப் வேண்டும் என்றில்லை, போன் பிரவுசரிலேயே பைத்தான் எழுதலாம். ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் என்பிடெல் (NPTEL) ஆன்லைன் பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். சான்றிதழ்த் தேர்வு எழுதினால்தான் கட்டணம். பி.காம், சி.ஏ. என்றால் வீட்டு வரவு செலவை இரட்டைப் பதிவு முறையில் (ஒவ்வொரு தொகையையும் பற்று, வரவு என்று இரண்டு இடத்தில் பதிவது) எழுதுங்கள். யூடியூபர் ஆக நினைப்பவர்கள் 8 வீடியோ எடுத்து, எடிட் செய்து, போட்டுப் பாருங்கள். விளம்பர வருமானத்துக்கு 1,000 சப்ஸ்கிரைபர்களோடு, 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையோ 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வையோ வேண்டும் என்பதையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். "பிடித்ததா?" என்பது இங்கே அவ்வளவு பயன்படாத கேள்வி. எங்கே மாட்டிக்கொண்டீர்கள், அதன் பின் 20 நிமிடம் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். திரும்பத் திரும்ப முயன்றிருந்தால் நல்ல அறிகுறி.

அடுத்தது சம்பளம். '40 லட்சம் பேக்கேஜ்' என்று பேனரில் இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு மாணவருடைய தொகை. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் (NIRF) கல்லூரித் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள் தாங்கள் கொடுத்த விவரங்களைத் தங்கள் இணையதளத்திலேயே வைத்திருக்கும். அதில் நான்கு எண்களை எடுங்கள்: சேர்ந்தவர்கள், உரிய காலத்தில் முடித்தவர்கள், வேலை பெற்றவர்கள், இடைநிலைச் சம்பளம் (எல்லோருடைய சம்பளத்தையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் ஆண்டுத் தொகை). உதாரணத்துக்கு 300 பேர் சேர்ந்து, 220 பேர் முடித்து, 90 பேர் வேலை பெற்று, இடைநிலை 3.6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அந்த 90 பேரில் பாதிப் பேருக்கு மாதம் 30,000 ரூபாய் அல்லது அதற்கும் கீழே, பி.எஃப். பிடித்த பிறகு கைக்கு வருவது இன்னும் குறைவு. இவை கல்லூரி தானே தரும் எண்கள், பிரிவுவாரியாகவும் இருக்காது. அதனால் அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரியர் நிலவரம் அதில் தெரிந்துவிடும்.

பிறகு, அந்தக் கல்லூரியில் முடித்து 2 முதல் 4 வருடம் ஆனவர்களை லிங்க்ட்இன்னில் தேடி, மூன்று பேருக்காவது எழுதுங்கள்: "வணக்கம் அக்கா, நான் இந்த வருடம் ப்ளஸ் டூ முடித்தேன். நீங்கள் படித்த பிரிவில் சேர நினைக்கிறேன். உங்கள் வகுப்பில் எத்தனை பேர் இதே துறையில் வேலை பார்க்கிறார்கள்?" இந்த ஒரு கேள்வி போதும். "நல்ல காலேஜா?" என்று கேட்டால் "நல்லா இருக்கும்பா" என்றுதான் பதில் வரும்.

ஆன்லைன் கோர்ஸ் விற்கும் இன்ஃப்ளூயன்சர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். காசு வாங்கிக்கொண்டு பரிந்துரைத்தால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது விதி. வேலை உத்தரவாதம் என்று பொய்யாக விளம்பரம் செய்யக் கூடாது என்று 2024 நவம்பரில் பயிற்சி மையங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 என்ற எண்ணில் புகார் செய்யலாம். 'ஈஎம்ஐ' என்றால் பல நேரம் அது ஒரு நிதி நிறுவனத்தின் கடன். கோர்ஸை விட்டு விலகினாலும் தவணை ஓடலாம். கடன் தருவது யார், ரத்து செய்வது எப்படி என்று எழுத்தில் வாங்காமல் ஆதார் ஓடிபி சொல்லாதீர்கள்.

சாய்ஸ் ஃபில்லிங்குக்கு (கவுன்சலிங்கில் வேண்டிய கல்லூரி, பிரிவுகளை வரிசைப்படுத்திப் பதிவது) ஒரு வாரம் முன்பு யூடியூப் ஹிஸ்டரியை அழித்து நிறுத்திவிடுங்கள். இன்ஸ்டாகிராமில் கன்டென்ட் பிரிஃபரன்ஸஸ் பகுதியில் ரீசெட் இருக்கிறது, அதையும் செய்யுங்கள். கட் ஆஃபைக் கணக்கிட்டு (கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200), முந்தைய ஆண்டுப் பட்டியலில் உங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு எங்கே நின்றது என்று பார்த்து, வரிசையைத் தாளில் எழுதி முடித்த பிறகே லாகின் செய்யுங்கள். ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் பல உண்டு. பெயரை நம்பாமல், தாளில் கல்லூரி எண்ணையும் எழுதி, லாக் செய்யும் முன் வீட்டில் ஒருவரைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.