ஆதார் காப்பி அனுப்பும் முன் கொஞ்சம் நில்லுங்கள்

போன மாதம் பிரிண்ட் எடுக்க ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போயிருந்தேன். 'இந்த நம்பருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க' என்றார் கடைக்காரர். என் ஃபைலைத் தேடி அவர் டவுன்லோட் ஃபோல்டரைத் திறந்ததும் திரை முழுக்க ஊர்க்காரர்களின் ஆதார், பான் கார்டு, பாஸ்புக்கின் முதல் பக்கம், நடுவில் யாரோ ஒரு குழந்தையின் பிறப்புச் சான்றிதழ். மனிதர் கெட்டவரெல்லாம் இல்லை, அழிக்க நேரமில்லை, அவ்வளவுதான். வீட்டு புரோக்கர், லாட்ஜ் ரிசப்ஷன் என்று நாம் அனுப்பிய எல்லா இடத்திலும் இதே கதைதான். அதனால் காப்பி அங்கேயே கிடக்கப் போகிறது என்று வைத்துக்கொண்டே, கிடந்தாலும் பெரிதாக உதவாத காப்பியாகக் கொடுங்கள்.

முதலில் மாஸ்க்டு ஆதார். மைஆதார் தளத்தில் ஓடிபி போட்டு உள்ளே போய் டவுன்லோட் செய்யும்போது 'மாஸ்க்டு' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும், அதை டிக் செய்தால் 12 இலக்கத்தில் முதல் 8 மறைந்து கடைசி 4 மட்டும் தெரியும். 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகமே 'ஜெராக்ஸ் கொடுக்காதீர்கள், மாஸ்க்டு கொடுங்கள்' என்று அறிக்கை விட்டது, இரண்டே நாளில் அதைத் திரும்பவும் பெற்றுக்கொண்டார்கள் (ஏன் வம்பு என்று நினைத்திருப்பார்கள் போல). மாஸ்க்டு வசதி மட்டும் அப்படியேதான் இருக்கிறது. அந்த பிடிஎஃப்புக்குப் பாஸ்வேர்டு இருக்கிறதே என்று தைரியமாக இருக்க வேண்டாம். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருடமும்தான் அது, ஃபேஸ்புக்கில் உங்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்து சொல்கிற எவரும் திறந்துவிடலாம்.

மாஸ்க்டு வேண்டாம் என்று லாட்ஜில் முறைத்தால் ஓட்டுநர் உரிமத்தையோ வாக்காளர் அட்டையையோ நீட்டுங்கள்.

ஜெராக்ஸ் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் 'வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்' என்று தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடலாம், படத்தின் குறுக்கே எழுதுங்கள். போனில் நம்பரை மறைக்கிறவர்கள் ஹைலைட்டர் பேனாவால் தேய்க்கிறார்கள், வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் இருப்பது தெரிந்துவிடும். முழுக் கறுப்புக் கட்டம் போடுங்கள், கியூஆர் கோடையும் சேர்த்து மறையுங்கள், அதை ஸ்கேன் செய்தால் பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாம் வந்து நிற்கும்.

அடுத்தது கைரேகைப் பூட்டு, பலரும் செய்யாதது. ஆதார் இணைத்த வங்கிக் கணக்கிலிருந்து, ஆதார் எண்ணும் கைரேகையும் இருந்தால் ஓடிபி இல்லாமலேயே சின்ன மிஷினில் பணம் எடுக்க முடியும். பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த ரேகையை நகலெடுத்து இப்படிப் பணம் உருவிய வழக்குகள் சில மாநிலங்களில் வந்திருக்கின்றன. மைஆதார் தளத்தில் 'பயோமெட்ரிக் லாக்' போட்டுவிட்டால் ரேகை வேலை செய்யாது. ஆனால் அம்மாவுக்கோ பாட்டிக்கோ போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள், ரேஷன் கடையில் விரல் வைத்து வைத்து எடுத்து, பின்னால் நிற்கும் வரிசையிடம் திட்டு வாங்குவார்கள். கடைக்குப் போகும் நாளில் கொஞ்ச நேரத்துக்குத் திறந்துவிட்டால் போதும்.

ஏற்கெனவே கண்ட இடத்தில் கொடுத்தாயிற்று என்கிறவர்கள் அதே தளத்தில் 'ஆதன்டிகேஷன் ஹிஸ்டரி' பாருங்கள், கடைசி 6 மாதத்தில் உங்கள் ஆதாரை எங்கே சரிபார்த்தார்கள் என்று காட்டும். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று தெரியும், உங்களுடையது இல்லாததை அங்கேயே புகார் செய்யலாம். பணமே போயிருந்தால் யோசிக்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் போடுங்கள்.

அப்புறம் அந்த பிரவுசிங் சென்டர். பிரிண்ட் வந்ததும் 'அண்ணே, அதை அழிச்சிடுங்க' என்று கூச்சப்படாமல் கேளுங்கள், ரீசைக்கிள் பின்னிலும் அழிக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் நாம் 'அனைவருக்கும் நீக்கு' கொடுத்தால் சாட்டிலிருந்துதான் போகும், அவர் கம்ப்யூட்டரில் டவுன்லோட் செய்தது அப்படியே இருக்கும். அன்றைக்கு நான் கேட்டதும் சிரித்துக்கொண்டே என் ஃபைலை அழித்தார், மற்றதெல்லாம் இன்னும் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.